பத்து நாள் லீவில் எவரெஸ்ட் அடிவாரமா?

நேபாள மலை நடை பற்றிக் கேள்விகளை அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பற்றியவை, மீதி முக்திநாத். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஷூ பிராண்ட் எது, ஜாக்கெட் என்ன விலை என்று கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கடைக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறுகிறேன். பெரிதாக மூச்சு வாங்குவதில்லை. பேஸ் கேம்ப் எனக்குச் சுலபமாகத்தானே இருக்கும்?
*கோவை வாசகர்*

கால் தயார், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளியங்கிரி உச்சியே 1,800 மீட்டருக்குள்தான். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். பேஸ் கேம்ப் நடை தொடங்குகிற லுக்லாவில் விமானம் தரையிறங்கும் இடமோ 2,800 மீட்டரைத் தாண்டி இருக்கிறது. அதாவது, நம் ஊரில் எந்த மலையில் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும், அந்த உயரத்தில் உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது.

மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை, அங்கேயும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான் இருக்கும், பேஸ் கேம்ப் 5,364 மீட்டர், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும்: மூச்சு வேகமாகும், அதனால் ரத்தத்தில் ஏற்படும் மாற்றத்தைச் சிறுநீரகம் சரிசெய்யும், பிறகு சிவப்பணுக்கள் கூடும். இதற்கெல்லாம் நாட்கள் வேண்டும், தசை பலம் இதில் ஒரு வேலையும் செய்யாது. மாரத்தான் ஓடுகிறவருக்குத் தலை பிளக்கும், மாடிப்படி ஏறத் திணறுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதுவும் இளவயது ஆண்கள், உங்களைப்போல மூச்சு வாங்காதவர்கள், வேகமாக ஏறி வேகமாக மாட்டிக்கொள்வார்கள். 3,000 மீட்டருக்கு மேல் முன்னால் யார் போனாலும் போகட்டும் என்று விட்டுவிட முடியுமா உங்களால்? முடியும் என்றால் கிளம்புங்கள்.

வெள்ளியங்கிரிப் பழக்கம் வீண்போகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். வழியில் வருகிற நாம்சே பஜார் என்ற ஊருக்குக் கீழே ஆற்றின் மேல் உயரத்தில் ஒரு தொங்குபாலம் வரும். அதைத் தாண்டினால் கிட்டத்தட்ட 600 மீட்டர் ஒரே ஏற்றம், புழுதி, எதிரே சுமை மாடுகள். அன்றைக்கு உங்கள் கால்களுக்கு நன்றி சொல்வீர்கள். திரும்பி இறங்குகிற நாட்களில் முழங்காலுக்கு.

கம்பெனியில் வார இறுதியையும் சேர்த்துப் பத்து நாள்தான் லீவு. எட்டு நாளில் பேஸ் கேம்ப் போய் வரலாம் என்று ஓர் ஏஜென்சி சொல்கிறது. நம்பலாமா?
*சென்னை, பெங்களூரு, ஓசூரிலிருந்து பலர்*

போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். நான் உங்களை அனுப்ப மாட்டேன்.

கணக்கு இதுதான். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இன்றிரவு தூங்குகிற இடம் நேற்றிரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, ஏறாமல் அதே ஊரில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறிப் பார்த்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை, தூங்குகிற உயரம்தான் முக்கியம். இந்த விதியை வைத்துப் போட்ட வழக்கமான அட்டவணை: லுக்லாவில் இறங்கிய அன்று ஃபாக்டிங் (2,610 மீட்டர்), அங்கே ஓர் இரவு. நாம்சே (3,440) இரண்டு இரவு. தெங்போச்சே (3,860) ஓர் இரவு. திங்போச்சே (4,410) இரண்டு இரவு. லோபுச்சே (4,900-க்கு மேல்) ஓர் இரவு. கோரக்ஷெப் (5,164) ஓர் இரவு, பேஸ் கேம்ப்பைப் பார்த்துவிட்டு இங்கே வந்துதான் தூங்குவீர்கள். இறக்கத்துக்கு மூன்று நாள் போதும். ஆக லுக்லாவில் இறங்குகிற நாளிலிருந்து திரும்ப அங்கே விமானம் ஏறுகிற நாள் வரை பன்னிரண்டு நாள், மேகம் மூடி விமானம் பறக்காமல் போனால் என்று இரண்டு நாள் கைவசம், காத்மாண்டுவுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள். பதினாறு நாள் இல்லாமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

இந்த அட்டவணையிலும் ஃபாக்டிங்கிலிருந்து நாம்சே 800 மீட்டருக்கு மேல், திங்போச்சேயும் லோபுச்சேயும்கூட 500-ஐக் கொஞ்சம் தாண்டும், மறுக்கவில்லை. அதை ஈடுகட்டத்தான் நாம்சேயிலும் திங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவு. எட்டு நாள் திட்டத்தில் ஏஜென்சி முதலில் வெட்டுவது அந்த நாம்சே நாளையும் திங்போச்சே நாளையும்தான். பட்டியலில் அவை 'ஓய்வு நாள்' என்று இருப்பதால் சும்மா உட்கார ஒரு நாளா என்று நமக்கும் தோன்றிவிடுகிறது. மொத்தப் பயணத்திலேயே உருப்படியான நாட்கள் அவைதான்.

பத்து நாள்தான் என்றால் தெங்போச்சேயோடு திரும்புங்கள். நாம்சேயில் இரண்டு இரவு, கும்ஜுங் கிராமம், அங்கே 1961-ல் ஹிலாரி கட்டித் தந்த பள்ளிக்கூடம், பிறகு தெங்போச்சே மடாலம். அந்த மடத்து வாசலிலிருந்து எவரெஸ்ட் முகடும் லோட்சேயும் அமா தப்லமும் ஒரே வரிசையில் தெரியும், பேஸ் கேம்ப்பில்கூட இந்தக் காட்சி கிடையாது. 'நான் பேஸ் கேம்ப் போனேன்' என்று ஸ்டேட்டஸ் போட முடியாது, அவ்வளவுதான் நஷ்டம்.

பேஸ் கேம்ப்பிலிருந்து எவரெஸ்ட் நன்றாகத் தெரியுமா?
*திருநெல்வேலி வாசகி*

உச்சி தெரியாது. பக்கத்து மலையான நுப்ட்சேயும் எவரெஸ்ட்டின் மேற்குத் தோளும் மறைத்துவிடும். உச்சியைப் பார்க்கத்தான் எல்லாரும் மறுநாள் விடியற்காலை காலா பத்தர் ஏறுகிறார்கள். 5,500 மீட்டருக்கு மேல், இருட்டில், எதிர்க்காற்றில். இந்த விஷயத்தை ஏஜென்சிகள் சத்தமாகச் சொல்வதில்லை.

கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்துகொண்டே போனால் ஆக்சிஜன் கூடும் என்று கயிலாய யாத்திரை போய் வந்த சித்தப்பா சொல்கிறார். உண்மையா?
*கும்பகோணம் வாசகி*

சித்தப்பா பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித் தோன்றியிருக்கும். கற்பூரமும் மெந்தாலும் மூக்கின் உள்ளே குளிர்ச்சி உணர்வைத் தூண்டிவிடும், மூச்சு நன்றாகப் போவதுபோல இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு துளியும் கூடாது. இதில் ஆபத்து என்னவென்றால், மூச்சு வாங்குவது ஓர் எச்சரிக்கை, அதைக் கற்பூரத்தை வைத்துச் சமாளித்துக்கொண்டு இன்னும் மேலே போய்விடுவீர்கள்.

கையடக்க ஆக்சிஜன் டப்பாவும் ஏறக்குறைய அப்படித்தான். சில நிமிடம் வரும், தீர்ந்ததும் பழைய நிலைமை. பூண்டு சூப்பை ஷெர்பா வீடுகளில் அன்போடு கொடுப்பார்கள், தாராளமாகக் குடியுங்கள், சூடான உப்புத் தண்ணீர் உடம்புக்குள் போவது நல்லதுதானே. மருந்து என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

அப்படியென்றால் டயாமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? அது அறிகுறியை மறைத்துவிடும் என்கிறார்களே?
*மதுரை வாசகர்*

மறைக்காது. டயாமாக்ஸ் எனப்படும் அசிட்டசோலமைடு, உடம்பு பழகிக்கொள்ளும் வேலையைத்தான் விரைவுபடுத்துகிறது. தடுப்புக்காக டாக்டர்கள் பொதுவாக எழுதிக்கொடுப்பது 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளிலிருந்து. விரல் நுனியும் உதடும் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா, கோக் எல்லாம் கசந்து சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் பேசாமல் தொடவே கூடாது. அறிகுறியை அமுக்குவது டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு. அது ஆளைக் கீழே இறக்குகிற வரைக்கும் உயிரைப் பிடித்து வைக்கிற மருந்து, அதைப் போட்டுக்கொண்டு மேலே ஏறுகிறவர்களைப் பார்த்தால் வழியை விட்டு விலகிக்கொள்ளுங்கள்.

மாத்திரையைவிட நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது வேறு. தலைவலி, அதோடு பசியின்மை, குமட்டல், சோர்வு, தூக்கம் கெடுதல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது ஏ.எம்.எஸ். எனப்படும் உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டது, நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் தேடாதீர்கள். அங்கேயே தங்குங்கள், ஒரு அடி மேலே போகாதீர்கள். ஓரிரு நாளில் சரியாகிவிட்டால் தொடரலாம். கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும்.

அடுத்த கட்டம் மூளை வீக்கமும் நுரையீரலில் நீர் கோப்பதும். சந்தேகம் வந்தால் ஆளை எழுப்பி, தரையில் ஒரு கோட்டைக் காட்டி, முன்காலின் குதிகால் பின்காலின் விரலைத் தொடுகிற மாதிரி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, 'எனக்கு ஒண்ணுமில்லை, தூங்க விடு' என்று சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, ஈர இருமல், சளியில் இளஞ்சிவப்பு நுரை வருவது நுரையீரலின் அறிகுறி. டார்ச்சும் துணைக்கு ஆளுமாக அந்த ராத்திரியே கீழே இறக்குங்கள், 500 மீட்டர் இறங்கினாலே பல பேருக்கு முகம் மாறிவிடும். தனியாக மட்டும் அனுப்பக் கூடாது. திங்போச்சேக்குப் பக்கத்தில் பெரிச்சேயில் இமயமலை மீட்புச் சங்கம் நடத்துகிற மருத்துவ முகாம் இருக்கிறது, 1973-லிருந்து. சீசனில் தினமும் மதியம் அங்கே உயர நோய் பற்றி டாக்டர்கள் பேசுவார்கள், போகிற வழியில் கட்டாயம் உட்கார்ந்து கேளுங்கள்.

லுக்லா விமானத்தை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.
*திருச்சி வாசகர்*

நியாயம்தான். சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதை மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். லுக்லாவில் 527 மீட்டர், அதுவும் பன்னிரண்டு சதவீதச் சரிவில். ஒரு முனையில் மலைச் சுவர், இன்னொரு முனையில் பள்ளத்தாக்கு. ஏற்றத்தில் இறங்கும், இறக்கத்தில் பறக்கும், கடைசி நேரத்தில் வேண்டாம் என்று திரும்பவும் மேலே எழும்ப இடம் கிடையாது. அதனால்தான் கண்ணுக்கு வழி தெரியாவிட்டால் விமானிகள் கிளம்பவே மாட்டார்கள், பெரும்பாலும் காலையில் மட்டும்தான் விமானம். ரத்தானால் விமானியைத் திட்டாதீர்கள். கூட்டமான மாதங்களில் விமானம் காத்மாண்டுவிலிருந்து இல்லாமல் ராமேச்சாப்பிலிருந்து போகும், நள்ளிரவில் எழுந்து நான்கைந்து மணி நேரம் வண்டியில் போக வேண்டியிருக்கும், அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பறக்கவே வேண்டாம் என்றால் சல்லேரி வரைக்கும் ஜீப், அங்கிருந்து சில நாள் நடை. கீழிருந்து ஏறி வருவதால் உடம்பும் நன்றாகப் பழகும். நாள் இருந்தால் நான் சொல்வது இந்த வழிதான்.

சுத்த சைவம். மலையில் பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?
*மயிலாப்பூர் வாசகி*

உங்களுக்குத்தான் யோகம். அந்தப் பள்ளத்தாக்கில் பௌத்த நம்பிக்கைப்படி உயிரைக் கொல்வதில்லை. ஹோட்டலில் கிடைக்கிற இறைச்சி கீழேயிருந்து ஆள் முதுகில் நாள்கணக்கில் வெயிலில் வந்தது. அதனால் நாம்சேக்கு மேல் அசைவக்காரர்களும் சைவத்துக்கு மாறுவதுதான் புத்திசாலித்தனம். தால் பாத் என்று கேளுங்கள்: சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, கீரை, காரமான ஊறுகாய். கேட்கக் கேட்கப் போடுவார்கள், இரண்டாம் முறைக்குக் காசு கிடையாது. 5,000 மீட்டரில் தண்ணீர் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகவே சோறு குக்கரில்தான் வேகும், டீயும் நாம் நினைக்கிற சூட்டில் இருக்காது. ஒரு பருப்புப் பொடிப் பொட்டலம் எடுத்துப் போங்கள். திங்போச்சேக்கு மேல் நாக்கு செத்துவிடும், அப்போது தெரியும் அதன் அருமை.

அப்பாவுக்கு 67, அம்மாவுக்கு 62. இருவருக்கும் பி.பி., அப்பாவுக்குச் சர்க்கரையும். 108 திவ்ய தேசங்களில் பூலோகத்தில் இருப்பவற்றில் முக்திநாத் மட்டும் பாக்கி என்று ஆசைப்படுகிறார்கள். அழைத்துப் போகலாமா?
*ஸ்ரீரங்கம் வாசகர்*

போகலாம், நாளைப் பிரித்துப் போட்டால். எல்லாரும் செய்கிற தப்பு, பொக்காராவில் (822 மீட்டர்) காலை விமானம் ஏறி இருபது நிமிடத்தில் 2,700 மீட்டருக்கு மேல் இருக்கிற ஜோம்சோமில் இறங்கி, அங்கேயே ஜீப் பிடித்து, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே 3,700 மீட்டரைத் தாண்டிய கோயிலில் நிற்பது. ஒரே காலையில் கிட்டத்தட்ட மூவாயிரம் மீட்டர் ஏற்றம். பெரியவர்கள் பலர் தரிசனம் முடிந்து அறைக்கு வந்தபிறகுதான் வாந்தி, தலைவலி என்று படுப்பார்கள், அதை ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொள்வார்கள்.

நீங்கள் ஜோம்சோமில் ஓர் இரவு, முடிந்தால் இரண்டு இரவு தங்குங்கள். மறுநாள் முக்திநாத் போய்த் தரிசனம் முடித்து, மேலே தூங்காமல் ஜோம்சோமுக்கே திரும்பிவிடுங்கள். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்கு மேல் காற்று பிய்த்துக்கொண்டு போகும், விமானமும் அதற்குள்தான், ஜீப்பையும் காலையிலேயே பிடியுங்கள். கோயிலுக்குப் பின்னால் 108 தாரைகளில் ஐஸ் தண்ணீர் கொட்டும். எல்லாவற்றிலும் தலையை நனைத்தால்தான் புண்ணியம் என்று பி.பி. உள்ளவர் நிற்க வேண்டாம், கையால் அள்ளித் தெளித்துக்கொண்டால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். குளிரில் சர்க்கரை பார்க்கிற மீட்டர் தப்பாகக் காட்டும், அதையும் இன்சுலினையும் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளட்டும். உயரத்தில் பி.பி. கூடத்தான் செய்யும், போவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். தமிழக அரசின் முக்திநாத் யாத்திரை மானியமும் இருக்கிறது, அறநிலையத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அக்டோபர்தான் நல்ல மாதம் என்கிறார்கள். அப்புறம் பனிப்புயலில் செத்தவர்கள் எப்படி?
*கடலூர் வாசகர்*

கடலூர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். 2014 அக்டோபர் 12-ல் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயல் நினைவிருக்கிறதா? அதன் மிச்சம் வடக்கே போய் 14-ஆம் தேதி அன்னபூர்ணா பக்கம் மலையில் முட்டிப் பனியாகக் கொட்டியது. முக்திநாத்துக்கு மேலே 5,416 மீட்டர் உயரத்தில் தோரோங் கணவாய், அன்றைக்கு அதைக் கடந்துகொண்டிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள், மலையேற வந்தவர்கள், வழிகாட்டிகள், சுமைதூக்கிகள் எல்லாருமாக. அட்டவணையில் அன்றைக்குக் கணவாய் என்று எழுதியிருந்தது, அதனால் போனவர்கள் அதில் பலர்.

ஆகவே அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்ற செய்தியைக் காதில் போட்டுக்கொண்டே நடங்கள். நமக்கு ரமணன் காலத்திலிருந்து பழகிய செய்திதானே. புயல் ஆந்திராவிலோ ஒடிசாவிலோ ஏறினால், இரண்டு நாள் கீழே உட்கார்ந்து சீட்டாடுங்கள். மார்ச் கடைசி முதல் மே வரையும் நல்ல காலம்தான், மதியத்துக்கு மேல் மேகம் கொஞ்சம் கூடும், அவ்வளவே.

ஹெலிகாப்டர் இன்சூரன்ஸ் அவசியமா? அதில் மோசடி என்றும் படித்தேன்.
*சேலம் வாசகர்*

இரண்டும் உண்மை. சாதாரணப் பயண இன்சூரன்ஸ் பல, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பணம் தராது, சிலவற்றில் மலையேற்றமே சேராது. பொடி எழுத்தில் எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கிறது என்பதைப் படியுங்கள், 5,600 மீட்டர் வரைக்குமாவது இருக்க வேண்டும்.

மோசடி வேறு கதை. தேவையில்லாமல் ஹெலிகாப்டர் வரவழைப்பது, ஒரே பயணத்துக்குப் பல பேர் பெயரில் பில் போடுவது என்று நடந்ததை 2018-ல் நேபாள அரசே விசாரித்தது. லேசான தலைவலிக்கே 'செத்துவிடுவீர்கள், காசு இன்சூரன்ஸ்காரன்தானே தருவான்' என்று அவசரப்படுத்தினால், இறங்கி நடக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். நடக்க முடிகிற ஆளுக்கு இறக்கமே போதும். முடியாத ஆளுக்கு யோசிக்காமல் கூப்பிடுங்கள்.

என் மூட்டையை இன்னொரு மனிதன் முதுகில் ஏற்றுவது மனசுக்கு ஒப்பவில்லை.
*புதுச்சேரி வாசகி*

அவருக்கு அது சீசன் சம்பளம், நீங்கள் வேண்டாம் என்றால் வருமானம்தான் போகும். கொஞ்ச நேரம் வழியோரம் உட்கார்ந்து பாருங்கள்: நெற்றியில் பட்டை, அதில் தொங்குகிற கூடை, கையில் டி வடிவக் கட்டை. களைத்தால் கூடையை இறக்குவதில்லை, நின்றபடியே கட்டையைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, கழுத்தை மட்டும் தளர்த்தி, ஒரு நிமிடம் மூச்சு விட்டுக்கொண்டு மறுபடி கிளம்புவார்கள்.

ஒப்ப வேண்டாதது வேறு. சுமைதூக்குகிறவர்களில் பலர் ஷெர்பாக்கள் இல்லை, கீழ்ப் பள்ளத்தாக்குகளிலிருந்து வருகிற ராய், தமாங், மகர் மக்கள். உயரம் அவர்களுக்கும் புதுசு, உங்களைப்போலவே நோய் வரும். உங்கள் பை எத்தனை கிலோ, அவருக்குக் கனத்த ஜாக்கெட்டும் ஷூவும் இருக்கிறதா, இன்சூரன்ஸ் உண்டா, ராத்திரி எங்கே தூங்குகிறார், இதையெல்லாம் ஏஜென்சியிடம் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். அவருக்குத் தலைவலி வந்தால் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடாமல் கூட ஓர் ஆளோடு இறக்கச் சொல்லுங்கள்.

மாதவிடாய் நாட்கள் நடுவில் வருகிறது. என்ன செய்வது? அம்மாவிடம் கேட்டால் போகவே வேண்டாம் என்பார்.
*ஈரோடு வாசகி*

அம்மாவிடம் கேட்க வேண்டாம், போங்கள். உயரத்தில் தேதி முன்பின்னாக மாறலாம், அதனால் எந்தத் தேதியில் கிளம்பினாலும் தேவையானதைப்போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள், நாம்சேக்கு மேல் கடையை நம்ப வேண்டாம். பயன்படுத்தியதை ஜிப் கவரில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும், கழிப்பறைக் குழியில் போட்டால் அங்கே அதை எடுப்பவர் யாருமில்லை. சாப்பாட்டு அறை நடுவில் சாணி வறட்டி எரிகிற அடுப்பு இருக்கும், அதில் எந்தக் குப்பையையும் போடாதீர்கள், ஷெர்பா வீட்டில் அடுப்பு தெய்வம்.

பாஸ்போர்ட் இல்லை. ஆதார் போதுமா? / இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு விசா?
*நாகர்கோவில் வாசகர், யாழ்ப்பாணம் வாசகர்*

இந்தியர்களுக்கு விசா வேண்டாம், விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை மட்டும் நம்பி விமான நிலையம் போய் நிற்காதீர்கள். இலங்கையருக்கு சார்க் நாட்டவர் என்ற முறையில், அந்த வருடத்தின் முதல் பயணத்துக்கு முப்பது நாள் விசா இலவசம். எவரெஸ்ட் வட்டாரத்துச் சாகர்மாதா தேசியப் பூங்கா நுழைவிலும் இருவருக்கும் சார்க் கட்டணம்தான், அட்டையைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள், சில ஏஜென்சிகள் வெளிநாட்டவர் கட்டணத்தையே பில்லில் எழுதிவிடுகின்றன.

யாக் எதிரே வந்தால்?
*தேனி, பள்ளி மாணவர்*

மலைப்பக்கம் ஒதுங்கி நில், தம்பி. பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும்.